வச்சிரம் காயும் நேரம்

போன் அலறியது!

இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளும் குப்பையிலிருந்து வந்த ஒரு வயலினில் இருந்தன. சுற்றிலும் கடித்துக்கொண்டிருந்த மரக் கவ்விகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"லீவுன்னு சொல்லு."

மனைவி போனை அவர் காதில் வைத்தாள். "உங்க லீவு பொணத்துக்குத் தெரியுமா?"

ஏழு மாதத்தில் முதல் லீவு!

மூன்றாவது மாடி. படிக்குப் படி முழங்கால் முனகியது.

தரையில் வயலின் டீச்சர்... கழுத்தில் நீலத் தடம்.

புருஷன் விம்மினான். "காலைல பத்து மணிக்கு வாசிச்சுட்டிருந்தா சார்... இவன் புகுந்து கழுத்தை நெரிச்சுட்டு வயலினோட ஓடிட்டான்!"

'இவன்' விலங்கோடு நின்றான். பழைய சாமான் வண்டிக்காரன். தெருவில் எல்லோருக்கும் 'தராசு'. உடைந்த வயலின் கிடைத்தால் நேராக இன்ஸ்பெக்டரிடம்தான் வருவான்.

"நான் மாடிப் பக்கமே வரலை சார்! பொண்டாட்டிக்கு இது ஒம்பதாவது மாசம்... என்னைத் தூக்குல ஏத்திடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினார். புருஷனிடம் திரும்பினார்.

"வயலினுக்கு அடையாளம் இருக்கா?"

"முதுகுல முக்கோணமா ஒரு சூடு சார். நான்தான் தெரியாம இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டேன்!"

கொட்டாவி பாதியில் நின்றது!

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஓடினார். வயலினோடு திரும்பினார். மீதிக் கவ்விகள் அதிலேயே தொங்கின.

"இதேதான் சார்! எங்க ஒளிச்சு வெச்சிருந்தான்?"

"என் மேஜையில."

"சார்...?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சரிந்தார். இந்தப் பாடம் நடத்த மட்டும் அவருக்குத் தூக்கத்திலும் தெம்பு வரும்.

"வயலினை வச்சிரத்தாலதான் ஒட்டணும். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. சூட்டுல தேன், ஆறினா ஜவ்வு. கல்லா இறுக ஒரு ராத்திரி முழுசா வேணும். தட்டிப் பாருங்க."

டக்... டக்...

"கல்லு! நேத்து சாயங்காலம் ஒட்டினது. கீழ, இந்தக் கட்டடத்துக் குப்பைத் தொட்டியில பிளந்து கெடந்துச்சுன்னு நேத்து மத்தியானம் இவன் கொண்டாந்தான். நேத்துலேருந்து என் வீட்டுல கவ்விக்குள்ள இருந்ததை, இன்னிக்குப் பத்து மணிக்கு எப்படி வாசிச்சாங்க?"

புருஷனின் விம்மல் சட்டென்று நின்றது.

"கோவத்துல உடைச்சுப் போட்டேன்... அதுக்காக விடிய விடிய அழுதுட்டே இருந்தா சார்... நிறுத்துன்னு சொன்னேன்... நிறுத்தலை..."

விலங்கு கை மாறியது!

தராசு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "சார்! இனிமே உடைஞ்ச வயலின் கெடைச்சா, உடைச்ச ஆளையும் சேத்து வண்டியில ஏத்திட்டு வந்துடறேன்!"

இன்ஸ்பெக்டர் படிக்கட்டைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார்.

"லீவு அன்னிக்கு மட்டும் வேணாம்டா!"