கன்னையாவின் பழைய பாஸ்வேர்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டின் மாடிப்படியில் ஏறும்போதே, வெப்சைட்டைச் சரிபார்க்க வந்த ஜீவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. லிஃப்ட் இல்லை. பட்டப்பகலிலேயே படியில் இருட்டு. ஈரச் சுவரிலிருந்து சாம்பிராணியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. இந்த லட்சணத்தில் இவர்களுக்கு ஒரு வெப்சைட்.

உஷாராணி கதவைத் திறந்தாள். கூடம் முழுக்கக் காவடிகள். மயிலிறகு குத்திய வளைவுகள் துணி போர்த்திக்கொண்டு, முறைக்காகக் காத்து நிற்கும் ஆட்களைப் போல நின்றன. தைப்பூசத்துக்குக் காவடி செய்து வாடகைக்கு விடும் தொழில். அதை நடத்திய அவளுடைய அப்பா கன்னையா, தீபாவளிக்கு முந்திய வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

"கன்ட்ரோல் பேனலைத் திறந்தா உள்ளயே விடமாட்டேங்குது தம்பி. பத்துமலைக்கு யாருக்கு எந்தக் காவடின்னு எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. வேண்டுதல் வச்சவங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"தப்பான பாஸ்வேர்டைத் திருப்பித் திருப்பி அடிச்சிருப்பீங்க அக்கா. செர்வர் உங்க இன்டர்நெட் லைனையே பிளாக் பண்ணிருச்சி. எல்லாக் கடையிலயும் இதே கூத்துதான் லா."

"நான் சரியாத்தான் அடிச்சேன். பழசு டேஞ்சர்னு நீங்க போன்ல சொன்னீங்கன்னு போன வாரம் நானே மாத்தின பாஸ்வேர்டு."

ஜீவன் உதட்டைச் சுழித்தான். எல்லா முட்டாள்களும் இதைத்தான் சொல்வார்கள்.

மேசையில் ஒரு பழைய கணினி. பக்கத்தில் ஒரு கிளாஸ் கோப்பி, ஆவி பறந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, மரியாதை தெரிந்தவர்கள். முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, உஷாராணி சன்னலைச் சாத்தப் போன நேரத்தில் ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.

அப்போது முதுகில் என்னவோ ஊர்ந்தது. இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை, நனைந்த நூலை இழுத்துப் பிடித்தது மாதிரி.

திரும்பினான். மின்விசிறி ஓடவில்லை.

வெப்சைட்டைத் தாங்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டான். ரிஸ்வானா என்ற பெண் எடுத்தாள்.

"பாஸ், உங்க லைன்லருந்துதான் யாரோ தப்புப் பாஸ்வேர்டு போட்டுக்கிட்டே இருக்காங்க. நான் பிளாக்கை எடுத்தா மறுபடி விழுது. இதோ, இப்பக்கூட. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

ஜீவன் மேசைக் கணினியைப் பார்த்தான். அதன் வயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, தரையில் தூசி படிந்து கிடந்தது.

"வைரஸ்," என்றான், யாரும் கேட்காமலே.

தன் கைப்பேசியின் இணையத்தில் லேப்டாப்பை இணைத்தான். வேறு லைன் என்பதால், உஷாராணி சொன்ன பாஸ்வேர்டுக்குக் கதவு திறந்தது. புக்கிங் எல்லாவற்றையும் உஷாராணியின் போனுக்கு அனுப்பினான். அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்பா ஒத்த வெரலாலதான் தட்டுவாரு. ஆனா ஒரு ஆளுக்கும் பதில் போடாம இருந்ததில்ல. அவரு போனப்புறமும் பதில் போய்க்கிட்டுதான் இருந்துச்சி. ஆட்டோமேட்டிக்கா வச்சிருப்பாருன்னு நெனச்சேன். போன வாரம்தான் நின்னுபோச்சி."

ஜீவன் தேடிப் பார்த்தான். தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கும்பல் கையில் கயிறு கட்டிவிடும்.

உஷாராணியின் பார்வை கிளாஸில் விழுந்தது. முகம் வெளுத்தது.

"இதையா குடிச்சீங்க? அது செத்துப்போன அப்பாவுக்கு அம்மா படைக்கிறது தம்பி. நாங்க யாரும் தொடமாட்டோம்."

"அவருதான் குடிக்கலையே அக்கா. ஈ குடிக்கிறதுக்குப் பதிலா நான் குடிச்சேன்." சிரித்தான். "பாஸ்வேர்டு மாத்தினதைப் பெருசுகிட்ட யாரும் சொல்லல போல. அதான் வாசல்ல நின்னு முட்டிக்கிட்டு இருக்காரு."

அவள் காலி கிளாஸைக் கையில் எடுத்தாள்.

துணிக்குள் ஒரு மயிலிறகு அசைந்தது.

செராஸில் இருந்த தன் வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது, மழை மட்டும் கொட்டியது. கடை லைனின் பிளாக்கை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். லேப்டாப்பைத் திறந்தான்.

அனுமதி இல்லை.

அவனுடைய வீட்டு லைனும் பிளாக். இன்னும் ஓர் எழுத்துக்கூட அவன் அடிக்கவில்லை. கைப்பேசி இணையத்துக்கு மாறினான். அதுவும் பிளாக்.

எங்கிருந்தோ கோப்பி வாசம். இந்த வீட்டில் கோப்பித்தூளே கிடையாது.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

டொக்.

மூடிக்குள்ளிருந்து.

டொக்... டொக்.

ஒற்றை விரல். அவசரமே இல்லை. எழுத்தைத் தேடித் தேடி. கொஞ்சம் நின்று, மறுபடி முதலிலிருந்து.

வயரைப் பிடுங்கினான். வைஃபையை அணைத்தான். நிற்கவில்லை. உஷாராணியைப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா," என்றான். "உங்க போன் டேட்டால உள்ள போயி பாஸ்வேர்டை மாத்துங்க. அப்பா வச்சிருந்த பழசையே போடுங்க. இப்பவே."

"ஏன் தம்பி? பழசு டேஞ்சர்னு நீங்கதானே..."

"ப்ளீஸ் லா அக்கா."

மழைச் சத்தம். அந்தப் பக்கம் அவள் மூச்சு. இந்தப் பக்கம் டொக்... டொக்.

"போட்டுட்டேன்."

கடைசியாக ஒரு தட்டு. அழுத்தமாக.

பிறகு நிசப்தம்.

"போட்ட ஒடனே உள்ள வந்துட்டீங்களே," என்றாள் உஷாராணி. "இங்க காட்டுது. நீங்கதானே தம்பி?"

லேப்டாப் மூடியே கிடந்தது. ஜீவனின் கை அதன் மேல் இருக்கவில்லை.

காதோரம் போன் அதிர்ந்தது. ஒரு மின்னஞ்சல்.

'வணக்கம் ஜீவன். உங்கள் காவடி உறுதி. தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள், நான் அங்கே இருப்பேன். அளவுக்குக் கடைக்கு வர வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபோதே தோளை அளந்துவிட்டேன். கன்னையா.'