ஏரிக்கரை ரோட்டில் கார் போகுமா?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேர் சாலை இருக்க, அப்பா இளவரசு காரை வடலூர் பக்கம் திருப்பினார்.

"வளைகாப்புக்குப் போறோமா, ஊர் சுத்தப் போறோமா?" என்றாள் அம்மா மாலதி.

"நல்ல நேரம் பத்தரைக்குத்தானே! மணி ஏழுகூட ஆவல. வீராணம் ஏரிக்கரை மேலயே போயி, லால்பேட்டை வழியா சிதம்பரம் போயிடலாம்."

பின் இருக்கையில் பத்து வயது இளமதி. அவள் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் வினோதினி அத்தைக்குப் போட வாங்கிய கண்ணாடி வளையல்கள்.

அப்பா சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் கல்லூரிப் படிப்பு படித்தவர். "ஞாயித்துக்கிழமை ஆனா வாடகை சைக்கிள எடுத்துக்குவோம். ஒரு சைக்கிளுக்கு ரெண்டு பேர். கரை மேல ஏறிட்டா ஒரு பக்கம் கடலாட்டம் தண்ணி, இன்னொரு பக்கம் பச்சப்பசேல்னு வயலு. இருவது வருஷமாச்சு பாப்பா, அந்தப் பக்கமே போவல."

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் இறங்கிவிட்டது.

சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கிருந்து ஒரு சாலை ஏரிக்கும், இன்னொன்று புவனகிரி வழியாகச் சிதம்பரத்துக்கும் பிரிகிறது. ஏரிப் பக்கமிருந்து ஒரு பால் வண்டி வந்து நின்றது. சக்கரமே தெரியாத அளவுக்கு அதில் சேறு.

"அப்பா, மூணு நாளா மழை பேஞ்சுதே. ரோடு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போலாமா?"

"போன்ல மேப் பாத்துட்டேன். நீலக்கோடு நல்லாத்தான் காட்டுது."

"மேப்புக்குச் சேறு தெரியுமாப்பா?"

அம்மா சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினாள். இளமதி பால் வண்டி ஓட்டுநரிடம் போனாள்.

"மாமா, ஏரிக்கரை ரோட்டுல கார் போவுமா?"

"போவாது பாப்பா. நடுவுல மதகு வேல நடக்குது. ரோட்ட வெட்டிப் போட்டிருக்காங்க. நானே அதுக்கு முந்தின ஊரோட பால ஏத்திக்கிட்டுத் திரும்பிட்டேன். நேத்து ஒரு கார் மாட்டிக்கிச்சு. கரை மேல திருப்ப எடம் ஏது? ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தாரு. பாவம், அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு!"

இளமதி காருக்குள் இருந்த வளையல் பெட்டியை நினைத்துப் பார்த்தாள். நல்லவேளை!

"சரி, புவனகிரி வழியாவே போயிடுவோம்," என்றார் அப்பா. ஆனால் அவர் கண்கள் ஏரிச் சாலையை விட்டு நகரவில்லை. கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

இளமதிக்கு ஒரு மாதிரி இருந்தது. மறுபடியும் ஓட்டுநரிடம் ஓடினாள்.

"மாமா, லால்பேட்டைப் பக்கத்துலேருந்து வந்தா?"

"அட, அதக் கேக்கலியே! இரு, அந்தப் பக்கம் நம்ம ஆண்டிதான் பால் எடுக்குறான்." அவர் போன் செய்து பேசினார். "லால்பேட்டையிலேருந்து ரெண்டு கிலோமீட்டர் ஜம்முனு இருக்காம். அங்க வண்டிய நிறுத்தலாம், திருப்பலாம். பயமில்ல."

"அப்ப காலையில அத்தைக்கு வளையல், சாயந்தரம் அப்பாவுக்கு ஏரி!" என்றாள் இளமதி.

பத்தரை மணிக்கு வினோதினி அத்தையின் இரு கைகளும் கலகலத்தன. ஒரு வளையல்கூட உடையவில்லை.

சாயங்காலம் லால்பேட்டை தாண்டிக் கரையோரம் காரை நிறுத்தினார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை மேல் ஏறினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர். நாரைகள் வரிசையாகப் பறந்தன.

"இங்கதான் உக்காந்து ஹாஸ்டல் எலுமிச்சஞ்சோத்தப் பிரிப்போம்," என்றார் மெல்ல. "ஒரு தடவ என் ரூம்மேட் சபேஷோட ஒத்தச் செருப்பு தண்ணியில போயிடுச்சு. சிதம்பரம் வரைக்கும் ஒத்தச் செருப்போடயே சைக்கிள் மிதிச்சான்!"

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இளமதியும் சிரித்தாள். அப்பாவும் ஒரு காலத்தில் இப்படிச் சேட்டை செய்கிற கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கிறார்!

சூரியன் தண்ணீரைத் தொட இறங்கியது.

"இருட்டப் போவுது, கெளம்பலாமா?" என்று அம்மா கூப்பிட்டாள்.

"இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம், ப்ளீஸ்!"

கெஞ்சியது இளமதி அல்ல, அப்பா.