முதல் தலைவர் அமர்ந்த நாற்காலி

“ஐயா, நாற்காலிய நான் தொடவே இல்ல. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா வேலையும் போச்சு, மேயர் என்னை உள்ள தள்ளாம விடமாட்டாரு!” துப்பறிவாளரிடம் ஓடி வந்து முறையிட்டார் மாநகராட்சிக் காவலாளி.

துப்பறிவாளர் எழுவதற்குள் அவருடைய அக்காள் மகன் வாசலில் நின்றான்.

மன்றக் கூடத்தில் மேயர் இடுப்பைப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தார். மறுநாள் நூற்றாண்டு விழா. நகரின் முதல் தலைவர், மேயரின் கொள்ளுத்தாத்தா, அமர்ந்த நாற்காலியைக் காணோம். சுவர்ப்படத்தில் கொள்ளுத்தாத்தா உருவிய வாளோடு முறைத்தார். அந்தக் காலத்தில் சாக்கடை வரியை அப்படித்தான் வசூலித்தார்கள் போலும்.

மேடையில் நாற்காலியின் பழைய பட்டு உறை மட்டும் மடித்துக் கிடந்தது. ஒரு தட்டில் அதன் ஆணிகள். பக்கத்தில் மேயர் பெயர் பின்னிய புது வெல்வெட் உறை. மேயரின் தனிக் கழிப்பறைக் கதவில் ‘பழுது’ என்று பசை காயாத அட்டை.

“கூடத்துச் சாவி யார் யார்கிட்ட?”

“என்கிட்டயும் இந்தத் திருடன்கிட்டயும்தான்!” என்று காவலாளியைக் காட்டினார் மேயர்.

“திருடன் உட்கார்ந்து ஆணி பிடுங்கினானா, மாமா?”

“திருடறவன் உறையோட தூக்கிட்டு ஓடுவான்டா. இவர் உறை மாத்த வந்தவர். பழசை உரிச்சதும் எதையோ பார்த்து அரண்டுட்டார். புது உறையில யார் பேர் இருக்கு? யாருக்கு இடுப்பு பிடிச்சிருக்கு? அந்தக் கழிப்பறையைத் திற.”

மேயர் குறுக்கே பாய்வதற்குள் மருமகன் திறந்துவிட்டான். திறந்த வாய் மூடவில்லை. கழுத்து சாய்க்கக் கட்டை, கால் வைக்கப் பலகை, பக்கத்தில் கத்தி தீட்டும் தோல்வார்.

“மாமா! சலூன் நாற்காலி!”

“படத்துல கத்தி பிடிச்சிருக்கிறது நிஜம்தான். ஓவியர் கொஞ்சம் நீட்டிட்டார்” என்றார் துப்பறிவாளர்.

மேயர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “சவரத்துக்குக் காத்திருந்தவங்க தெருச் சாக்கடைச் சண்டையைப் பேசித் தீர்த்தாங்களாம். அடுத்த வாரமும் கூடினாங்களாம். கடைக்காரரையே தலைவராக்கினாங்களாம். தாத்தா சொன்னப்போ, கிழவர் உளறுறார்னு நெனச்சேன்.”

பிறகு காவலாளியின் கையைப் பிடித்தார். “தம்பி, உன் வேலை உனக்குத்தான். வெளிய மட்டும் சொல்லிடாதப்பா.”

காவலாளி நாற்காலியை வெளியே இழுத்துத் தூசி தட்டினார்.

“எங்க தெருச் சாக்கடை வீட்டுக்குள்ளயே வருதுங்க. உக்காருங்க, பேசித் தீர்த்துடலாம்.”