பட்டியலில் ஒரு தேள்

"இந்தத் தேள யாருங்க பிலிப்பைன்ஸ் பக்கம் கொண்டுபோய் விட்டது?"

ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தவன் கேட்டான். அவன் கையில் இருந்தது, வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணியதால் அவள் போனிலிருந்து கடைக்கு அனுப்பியிருந்த காகிதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது... குடையை மடக்கி அவள் உள்ளே வருவதற்குள் ஆசாமி முதல் பக்கத்தைப் படித்தே முடித்துவிட்டான்.

வெடுக்கென்று பிடுங்கினாள். "அடுத்தவங்க பேப்பர படிக்கிறது என்ன பழக்கம்?"

"மெஷின் என் படத்தோட சேத்துத் துப்பிடுச்சு. நான் என்ன பண்ண?"

தன் தாளைக் காட்டினான். ஸ்கார்பியன், அதாவது தேள் என்கிற சின்ன டாங்கியின் பக்கவாட்டுப் படம், அளவுகளோடு. ஊரில் எவ்வளவோ பேர் எதையெதையோ அச்சடிக்கிறார்கள்... இவன் ஏன் இதை?

"மலேசியா வச்சிருந்துச்சு, இந்தோனேசியா வச்சிருந்துச்சு, தாய்லாந்தும் வச்சிருந்துச்சு. என்னைக் கேட்டா மலேசியாவுக்குத்தான் குடுக்கணும்."

"உங்களை யாரும் கேக்கல."

"அதான் தப்பாப் போட்டிருக்கீங்க."

சிரித்தான். பெரிய கண்கள், இமையில் இன்னும் ஈரம். ஐயோ, இந்த நேரத்திலா கண்ணைப் பார்ப்பது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி அது. எந்த டாங்கி எந்த நாட்டுக் கொடியின் கீழ் நிற்கும் என்ற பட்டியல் அவள் பொறுப்பு. ஒரு வண்டிக்கு ஒரு கொடிதான், அது விளையாட்டின் விதி. இதுவரை தென்கிழக்கு ஆசிய வண்டிகள் அனாதைகளாக, ஆளுக்கொரு வல்லரசின் வரிசையில் ஒண்டிக்கொண்டிருந்தன. இப்போது முதன்முறையாக அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே அணியாக்கப் போகிறார்கள். வெளியே மூச்சுவிடக் கூடாத ரகசியம்.

போன வருடப் பட்டியல் வெளியீட்டுக்கு முன்பே இணையத்துக்குக் கசிந்துவிட்டது. அதனால் இந்த முறை பொறி வைத்திருந்தாள். மூன்றே மூன்று பிரதிகள். மேனேஜர் பிரதியில் ஸ்கார்பியன் மலேசியாவுக்கு, ஓவியர் பிரதியில் தாய்லாந்துக்கு, வீட்டில் வைத்து வேலை செய்யும் அவளுடைய பிரதியில் பிலிப்பைன்ஸுக்கு. எந்தக் கொடியோடு கசிகிறதோ அந்தப் பிரதிதான் ஓட்டை. திருடனுக்குத் தேள் கொட்டட்டும் என்று தனக்குள் சிரித்துக்கூடக் கொண்டாள்.

அச்சடித்துப் பத்து நிமிடம் ஆகவில்லை... அதற்குள் ஒரு அந்நியன் அதைப் படித்துவிட்டான்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றாள்.

"மெக்கானிக். ராணுவ மியூசியத்துல பழைய வண்டிங்களுக்கு வைத்தியம். வந்து பாக்குறீங்களா?"

போனாள். உளவு பார்க்கத்தான் போனாள், வேறெதற்கும் இல்லை என்று மூன்று முறை சொல்லிக்கொண்டு போனாள்.

மியூசியத்தின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு ஸ்கார்பியன் நிஜமாகவே இருந்தது. சங்கிலிப் பட்டை கழற்றிக் கிடந்தது. அவன் அதன் வயிற்றுக்கடியிலிருந்து முகமெல்லாம் கிரீஸாக வெளியே வந்தான்.

"நோட்டு கொண்டு வந்திருக்கீங்க. விசாரணையா?"

"அளவெடுக்க."

"வண்டியவா, என்னையா?"

அவளுக்குக் காது சூடானது. சக்கரங்களை எண்ணினாள். ஒரு பக்கத்துக்கு ஐந்து... திரும்ப எண்ணினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தபோது ஆறு வந்தது.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். அவன் எதையும் சும்மா விடமாட்டான். அருங்காட்சியகப் பலகையில் ஒரு எண் தப்பாக இருந்ததற்குத் தானே பெயின்ட் டப்பாவோடு ஏறித் திருத்தியவன். அவள் பட்டியலைப் பற்றி அவன் ஒருமுறைகூட மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு தந்திரமோ என்று சந்தேகம் சந்தேகப்பட்டது. மனசு மட்டும், போடி, உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கேட்ட அளவுப் படத்தைக் கொடுக்க அவனே வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"தம்பிங்களா, இடப்பக்கத்தை மூடுங்க. நான் மேட்டுல இருக்கேன். அவசரப்படாதீங்கடா கண்ணுங்களா..."

"அப்பாதான்," என்றாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்க விளையாட்டுதான் அவருக்கு உலகம்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "கேப்டன்..." என்று முணுமுணுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் கிளம்புறேன்."

டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். ஏன் போனான்... அவள் மூளை அன்று முழுவதும் அதையே மென்றது.

புதன்கிழமை பட்டியல் கசிந்தது. விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் ஒரே களேபரம். வியட்நாமுக்கு எது, சிங்கப்பூருக்கு எது என்று அடிதடி. கீழே தள்ளிப் பார்த்தாள். ஸ்கார்பியன்... பிலிப்பைன்ஸ்.

மேனேஜர் கூப்பிட்டார். "உங்க பொறிதாம்மா இது. உங்க பிரதிதான் வெளிய போயிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லுங்க. சொல்லலேன்னா நீங்கதான்னு எழுத வேண்டியிருக்கும். எனக்கு வேற வழியில்ல."

அங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போனாள். தூறலில் நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அன்னிக்குக் கடையில பாத்தீங்களே, அதை எத்தன பேருக்குக் காட்டினீங்க?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க. என் வேலை போகப் போகுது."

"என் பேரச் சொல்லிடுங்க," என்றான்.

"அப்ப நீங்கதானா?"

"என் பேரச் சொல்லிடுங்கன்னேன்ல..."

"நான் நம்ப ஆரம்பிச்சிருந்தேன். தெரியுமா உங்களுக்கு? பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா ஒருத்தர நம்ப ஆரம்பிச்சிருந்தேன்."

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தக் கசிந்த பட்டியலை மறுபடி திறந்தாள். கண்ணீரில் எழுத்து கலங்கியது. ஸ்கார்பியன், பிலிப்பைன்ஸ். துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஸ்கார்பியன், பிலிப்பைன்ஸ்...

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெராக்ஸ் கடையில் நின்று, முன்பின் தெரியாத பெண்ணிடம், மலேசியாவுக்குத்தான் என்று சண்டைக்கு வந்தவன். பலகையில் ஒரு எண்ணைச் சகிக்காதவன். அவன் கசியவிட்டிருந்தால் இதைத் திருத்தாமலா விட்டிருப்பான்? தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அவனால் முடியாது. இது திருத்தத் தோன்றாத ஒருவரின் வேலை. அவள் எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒருவரின் வேலை.

அப்படி அவளை நம்புகிறவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

வீட்டில் அப்பா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, தேள் பிலிப்பைன்ஸுக்குப் போயிடுச்சாம்."

அவர் கை தட்டிலேயே நின்றது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியிருக்கும் என்று அவள் அன்று கண்ணாலேயே பார்த்தாள். அதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

"என்கூட விளையாடுற எட்டுப் பேருக்கு மட்டும்தான் பாப்பா காட்டினேன்," என்றார் அப்பா. "யாருக்கும் சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணானுங்க."

"போன வருஷமும் நீங்கதானா?"

"ம்."

"ஏம்ப்பா?"

"ஆபீஸ்ல முப்பது வருஷம் தபால் அனுப்புற வேலை, என்னை 'ஏய் டெஸ்பாட்ச்'னுதான் கூப்பிட்டாங்க. இவனுங்க கேப்டன்னு கூப்பிடுறானுங்க. வெறுங்கையோட போனா நாளைக்கு வேற ஆளைத் தேடிக்குவானுங்களோன்னு பயம் பாப்பா... உன் வேலைக்கே உலை வைக்கும்னு தோணல. புத்தி கெட்டுப் போச்சு."

கேப்டன். அந்தச் சொல்லை அவள் இதே வீட்டில், ஒரு வெளுத்த முகத்திலிருந்து கேட்டிருக்கிறாள். எல்லாம் விளங்கியது. அந்த எட்டுப் பேரில் மெக்கானிக்கும் ஒருவன் என்பதும் விளங்கியது. அப்பா மேல் ஆத்திரம் பொங்கியது, பாவமாகவும் இருந்தது. எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தாள். அவர் குலுங்கி அழுதார்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பட்டியல் அவள் கையைவிட்டுப் போனது. விளையாட்டுக்காரர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். அப்பாவின் விளையாட்டுக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அவர் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

மதியம் கொட்டகைக்குப் போனாள். மெக்கானிக் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"குரலை வச்சுக் கண்டுபிடிச்சீங்களா?"

"வாரம் நாலு நாள் கேக்குற குரல். பட்டியல் போட்டோவ எங்களுக்குக் காட்டினதும் அவர்தான். ஆனா உங்கப்பான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களுக்கு அவர் மேல கோபம் வந்திருக்கும்."

"உங்க மேல வந்தா பரவாயில்லையா?"

"என் மேல வந்தா நீங்க திரும்பி வந்து சண்டை போடுவீங்க. அப்பா மேல வந்தா பேசாமலே இருந்துடுவீங்க..." அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்புறம், நீங்க திரும்பி வரணும்னு எனக்கு ஆசையாவும் இருந்துச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் இரண்டடி கிட்டே வந்தாள்.

"வேலை?" என்று கேட்டான்.

"பட்டியல் போயிடுச்சு. அப்பா இருக்காரு."

"அப்புறம்?"

"அப்புறம்..." அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இருக்கீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"இருக்கேன்," என்றான்.