ஐயச் சான்று

காலையில் ஆய்வகம் திறந்ததும் முதல் வேலை, முன்னறிவி என்ற கணிப்பு இயந்திரத்திடம் கேட்பது. "ஐயம் உண்டா?" என்று நான் கேட்பேன். "இல்லை" என்று அது சொல்லும். பிறகு நானும் என் உதவியாளன் ரூபனும் டீ குடிக்கப் போவோம். ஆறு வருடமாக எங்கள் ஆராய்ச்சி இவ்வளவுதான்.

மின்பஞ்சத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. முன்னறிவி கணித்துச் சொல்லக்கூடிய எதையும் சோதித்துப் பார்த்து மின்சாரத்தை வீணாக்கக் கூடாது. அதற்கே சந்தேகம் வந்து ஐயச் சான்று கொடுத்தால்தான் காற்றுச் சுரங்கத்தை இயக்கலாம். ஒலியைப்போல ஏழு மடங்கு வேகத்தில் காற்றைப் பாய்ச்சும் எங்கள் சுரங்கத்தில் சிலந்திகள் குடும்பம் நடத்தின.

வெள்ளிக்கிழமை புது மீவேக விமானம் முதன்முறையாகப் பறக்கிறது. ஓட்டப்போகிறவள் என் தங்கை நளாயினி. அதன் வால் துடுப்பில் இரண்டு அதிர்வலைகள் மோதி, விளிம்பு உருகும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முன்னறிவிக்குத் தோன்றவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அதே "இல்லை". எரிச்சலில் ஒருநாள் டீ கிளாஸை அதன் மேல் வீசப் போனேன். ரூபன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்குப் புரியாத மாதிரி ஒரு வடிவத்தைப் பதிஞ்சிடலாம் மேடம். துடுப்புல கண்டபடி நாலு புடைப்பு வைப்போம். சான்று வந்ததும் நிஜ மாதிரியை உள்ள வெச்சு ஊதிடலாம்."

சான்று உடனே வந்தது. ஊதினோம். சில நொடிகள்தான். எடுத்துப் பார்த்தால் துடுப்பின் விளிம்பு மெழுகாக வழிந்திருந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள்போல் குதித்தோம். அவசரமாக முடிவை முன்னறிவிக்கு அனுப்பியும் விட்டோம்.

பதில் வந்தது: "பதிவான புடைப்பு வடிவத்துக்கு முடிவு ஏற்கப்பட்டது. பறக்கும் வடிவத்தில் ஐயம் இல்லை."

தலையில் அடித்துக்கொண்டேன். விமான ஆணையத்துக்குப் போன் செய்து, பொய்ப் பதிவு என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் சோதனையே செல்லாது என்றார்கள். ஆய்வகத்தைத் திங்கட்கிழமை பூட்டி முத்திரை வைப்பார்களாம். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாதிரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நளாயினி வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் உருகிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மத்தவங்க என்னக்கா சொல்றாங்க?"

"இது வேற வடிவமாம்."

"நீ என்ன சொல்ற?"

"இதுதான் உன் வண்டி."

"சான்று இல்லாம மறுத்தா உரிமம் போயிடும்," என்றாள். பிறகு, "போனா போகட்டும். நான் ஓட்டல." எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ரூபனைத் தவிர ஒருவர் என்னை நம்பிப் பேசியது அன்றுதான்.

வியாழக்கிழமை காலை செய்தி வந்தது. விமானி மாற்றம். நளாயினிக்குப் பதில் அன்வர் ஷெரீப். பறப்பில் மாற்றமில்லை.

பழக்க தோஷத்தில் முன்னறிவியைக் கேட்டேன். "ஐயம் உண்டா?"

"இல்லை."

ரூபன் டீக்கு எழுந்திருக்கவில்லை. "அந்த அன்வர் வீடு எங்க இருக்குன்னு உங்க தங்கச்சிக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும். அவர் மறுத்தா அடுத்த ஆளைப் போடுவாங்க, ரூபன்."

"அவங்க வீட்டுக்கும் போவோம்."

மாதிரியை மறுபடி துண்டில் சுற்றினேன்.