பக்கத்து சீட்டு

தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடைசி டீக்கடை வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றபோது உச்சி வெயில். பேய்க் கதைக்கு வேண்டிய இருட்டு இல்லைதான். ஆனால் நடந்தது அப்போதுதான் என்பதால் மாற்றிச் சொல்வதற்கில்லை.

ஓட்டி வந்தவள் ஒரு நர்ஸ். கூட வந்தவள் அவளுடைய நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கார் நர்ஸின் புருஷன் வாங்கியது. போன வருஷம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும், நாக்கு நுனியில் எப்போதும் ஒரே பேச்சு இருக்கும்: "உனக்கு வராது." பேங்க் வேலையா? உனக்கு வராது. நீச்சலா? உனக்கு வராது. ஒரே ஒரு தடவை கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கியரைத் தொட்டபோதெல்லாம் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி தவளை மாதிரி தத்தித் தத்தி நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியவள்தான். அழுகிற பச்சைக் குழந்தையின் கையில் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிறவளுக்கு, ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்க வராது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

அவர் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். கொழுந்தனுக்கு அது பிடிக்கவில்லை. வண்டி சும்மா நின்று துருப்பிடிக்கிறது, என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று நச்சரித்தான். "தீவுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். வழியில ஒருத்தர்கிட்ட ஸ்டியரிங்கைக் கொடுத்தாலும் சாவி உனக்கு. போதுமா?" என்றாள் நர்ஸ். அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

டீயைக் குடித்துவிட்டு டீச்சர் பின் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, தலை சுத்துது. கொஞ்சம் பின்னாடி நீட்டிப் படுத்துக்கறேன்."

"படு. ஆனா வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிடு, தாயே."

பக்கத்து சீட்டு காலியானது.

பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். தண்ணீர் மேல் வெயில் தகடு போலக் கிடந்தது. ஜன்னல் வழியே உப்புக் காற்று வந்தது. நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

அப்போது கண்ணாடி திரும்பியது.

பின்னால் வருகிற வண்டிகளைக் காட்டும் கண்ணாடி, தானாக, மெதுவாக, பக்கத்து சீட்டைப் பார்த்துத் திரும்பியது. ரோடு மேடு பள்ளம் என்று நினைத்து நேராக வைத்தாள். ரோட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மறுபடியும் திரும்பியது.

உப்புக் காற்றில் கிராம்பு வாசனை கலந்தது.

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தாள். வெயில் அப்படியே இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் பிணவறைக் கதவைத் திறந்தாற்போல் சில்லிட்டது. அந்தக் குளிர் அவளுக்குத் தெரிந்த குளிர்.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"உனக்கு வராது."

கடக்.

கைப்பிரேக் ஒரு பல் ஏறியது.

கடக். கடக்.

வண்டி குலுங்கி, தத்தி, பாலத்தின் நட்டநடுவில் செத்து நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு, முட்டாமல் எப்படியோ நின்றது.

"என்ன அண்ணி?" டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். விஷயத்தைப் பார்த்ததும் முன்னால் எட்டி, இரண்டு கையாலும் கைப்பிரேக்கை அழுத்தினாள். அது அசையவில்லை. சட்டென்று கையை உதறினாள். "ஐயோ, சில்லுன்னு இருக்கு!"

லாரி டிரைவர் இறங்கி வந்தார். நரைத்த மீசை, நல்ல முகம். ஜன்னலில் குனிந்தார்.

"என்னம்மா, பயந்துட்டீங்களா? இறங்குங்க, காரைப் பாலம் தாண்டி நான் ஓட்டி விட்டுடறேன்."

நர்ஸின் கை கதவுப் பக்கம் போனது. இறங்கினால் போதும். இந்தக் குளிரை விட்டு வெயிலுக்குப் போய்விடலாம். கொழுந்தன் சாவியை எடுத்துக்கொள்வான், அவ்வளவுதானே.

லாரி டிரைவர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். முகத்தில் லேசான கோபம்.

"ஏன் சார், நீங்க பக்கத்துலயே கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே. நீங்க ஓட்டக் கூடாதா?"

டீச்சர் முன் சீட்டை எட்டிப் பார்த்தாள். 

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

நர்ஸுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அத்தனை வருஷக் கோபமும் மொத்தமாக வந்தது. கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அவருக்கு இனிமே வராதுங்க," என்றாள். "நானே ஓட்டிக்கறேன். நீங்க போங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு லாரிக்குத் திரும்பினார்.

நர்ஸ் கைப்பிரேக்கின் மேல் கையை வைத்தாள். இரும்புக்கு மேல் வேறொன்று இருந்தது. விரல்கள். கண்ணுக்குத் தெரியாத, ஈரமில்லாத, குளிர்ந்த விரல்கள். அவள் பின்வாங்கவில்லை. விரல்களைத் தடவி மணிக்கட்டுக்குப் போனாள். தினமும் செய்கிற வேலைதான். இரண்டு விரலை வைத்து அழுத்தி, காத்திருந்தாள்.

துடிப்பு இல்லை.

"நாடி இல்லைங்க," என்றாள், வார்டில் பேசுகிற அதே குரலில். "அன்னிக்கும் நான்தான் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? டாக்டர் வந்து என் கையைப் பிடிச்சு எடுத்தாரு. உங்களுக்காக அழுதேன். நிஜமாவே அழுதேன். ஆனா இந்தக் கை இனிமே எதையும் பிடிச்சு நிறுத்தற கை இல்ல. எடுங்க."

கிராம்பு வாசனை நெஞ்சை அடைத்தது.

"உனக்கு..."

"வந்துடுச்சு. பாதிக் கடல் தாண்டியாச்சு. கையை எடுங்கங்கறேன்!"

பின்னாலிருந்து டீச்சர் கத்தினாள். "அண்ணா! இருந்தும் கெடுத்தே, செத்தும் கெடுப்பியா? விடு!"

சுண்டுவிரல் தளர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

கைப்பிரேக் தொப்பென்று இறங்கியது. நர்ஸ் சாவியைத் திருகினாள், கிளட்சை அலுங்காமல் விட்டாள். வண்டி ஒரு தடவைகூடத் தத்தாமல் கிளம்பியது.

தீவு சின்ன ஊர். சுண்ணாம்பு பூசிய சுவர்கள், சூடான மணல், உலர்த்திய வலைகள், ஆளில்லாத நீளக் கடற்கரை. இருவரும் கட்டிய துணியோடு கடலில் இறங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி அலையில் விழுந்து புரண்டார்கள். டீச்சர் அழுதாள், சிரித்தாள், உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினாள். நர்ஸ் கரையிலிருந்தே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"வந்து சேர்ந்துட்டேன்ப்பா. இல்ல, யாரும் ஓட்டல. நான்தான்." அவன் ஏதோ கேட்டான். "திரும்பியும் நான்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெயில் சாயும் முன்பே காருக்கு வந்தார்கள். பின்னாடி படுத்தால் இன்னும் குமட்டுகிறது, இந்தத் தடவை முன்னால் உட்காருகிறேன் என்று டீச்சர் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

சீட்டு அமுங்கியிருந்தது. ஒரு கனத்த ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி.

"அண்ணி," என்றாள், மூச்சுக் குரலில். "போகல."

நர்ஸ் ஈரத் தலையைத் துண்டால் துவட்டியபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை.  ஆனால் சாவி அவள் கையில் இருந்தது.

"உங்க தங்கச்சிக்குப் பின்னாடி உக்காந்தா ஒத்துக்காது," என்றாள். "நீங்க பின்னாடி போங்க."

காற்று நின்றது. அலைச் சத்தமும் எங்கேயோ தள்ளிப் போனது.

சீட்டின் பள்ளம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

பிறகு, யாரும் தொடாமலே, பின் கதவு திறந்தது. ஓர் ஆள் குனிந்து ஏறி உட்காரும் நேரம் அப்படியே இருந்தது. வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை தாழ்ந்தது.

கதவு சத்தம் போடாமல் சாத்திக்கொண்டது.