இடம் போதவில்லை

எல்லாவற்றையும் துடைத்துக் காலியாக்கிய பிறகும் அந்தச் சின்ன லேப்டாப் 'இடம் போதவில்லை' என்றது. புது சிஸ்டம் ஏற்றும்போது மூன்றாவது முறையாக, அதே எண்பத்து மூன்று சதவீதத்தில்.

அலுவலகத்தில் நாற்பது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவள் அவள். எந்த எச்சரிக்கைப் பெட்டி எட்டிப் பார்த்தாலும் படிக்காமலே என்டரைத் தட்டிவிடுவாள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தால் பதினைந்து வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்க முடியாது. அப்படிப்பட்டவளை, அலுவலகம் வேண்டாமென்று கழித்துப்போட்ட இந்தச் சனியன் காலையிலிருந்து பாடாய்ப் படுத்துகிறது. மணி மூன்று. நான்கு மணிக்கு மகளுக்கு இதில்தான் நேர்முகத் தேர்வு. வானொலி அறிவிப்பாளர் படிப்பு. குரலைக் கேட்டுத்தான் சீட். போனில் வந்தால் சேர்க்கமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து அறையில் மகள் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். "நேயர்களுக்கு வணக்கம். நேரம் மாலை நான்கு மணி." மறுபடி. மறுபடி.

டிஸ்க்கில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தாள். ஐந்து பகுதிகள். காலையில் ஒன்றுகூட இருக்கவில்லை. முதல் பகுதியை அழித்தாள். பெட்டி வந்தது, தட்டினாள். சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது.

"கரன்ட்டும் போச்சா? நல்லா வெளங்கும்!"

எழுந்துபோய்த் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் முகத்தில் அடித்தது. சத்தம்தான் இல்லை. அதையும் பழுதுபார்க்க அவள் கையில் நேரமில்லை. வந்து உட்கார்ந்து இரண்டாவதை அழித்தாள். சதவீதம் எண்பத்தாறுக்கு ஏறிப் படுத்துக்கொண்டது. தொட்டிக்குழாய் இத்தனை நேரம் சொட்டிச் சொட்டி உயிரை எடுத்தது, அதுவும் ஓய்ந்தது. பரவாயில்லை, ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் அங்கிருந்தே தெரிந்தது: சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது, தண்ணீரில் வட்டம் விரிந்துகொண்டுதான் இருந்தது.

தூக்கமில்லை, காது அடைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவதை அழித்தாள்.

தெரு போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்தது, கிளீனர் வாயைத் திறந்து பக்கவாட்டில் அடித்து அடித்துக் கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. அடைத்த காதுக்கு மகள் குரல் மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக விழுகிறது? ஆனால் திரையில் தொண்ணூற்று ஒன்று. மணி மூன்றே முக்கால். கை தானாக நான்காவதுக்குப் போனது.

தலைக்கு மேல் மின்விசிறி ஓசையின்றிச் சுற்றியது. நாற்காலியைத் தள்ளினாள், கால் தரையில் இழுபட்டது, கிறீச்சிடவில்லை.

மிச்சம் ஒரே ஒரு பகுதி. எல்லாவற்றையும்விடப் பெரியது.

வீட்டில் மிச்சம் ஒரே ஒரு சத்தம்.

அவளுக்குப் பயம் வந்தது. வெறும் பயம். வேண்டாம். இந்தச் சீட்டே வேண்டாம். மூடித் தொலைத்துவிடலாம். வெளியேறும் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா, முடிஞ்சுதா?"

"இரும்மா, கொஞ்சம் சத்தம் போடாம..."

ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. பதினைந்து வருடப் பழக்கம். கண் படிப்பதற்குள் விரல் தட்டிவிட்டது.

தட்டிய பிறகுதான் படித்தாள். 'வெளியேறும் முன் கடைசிப் பகுதியும் அழிக்கப்படும். மீட்க முடியாது.'

ஓடினாள். காலடி கேட்கவில்லை.

மகள் கண்ணாடி முன் நின்றிருந்தாள், கையில் தாள். உதடுகள் அசைந்தன. நின்றன. தொண்டையைத் தடவிப் பார்த்தாள். மறுபடி அசைந்தன. பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

ஒரு சத்தமும் இல்லை.

அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சோடு சேர்ந்து அந்தச் சின்ன உடம்பு அலறி அலறி அதிர்ந்தது.

மணி நான்கு. முன்னறையில், நூறு சதவீதம் முடிந்த லேப்டாப் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நேயர்களுக்கு வணக்கம்," என்றது, மகளின் குரலில். பிறகு, இன்னும் கொஞ்சம் செல்லமாக: "அம்மா, முடிஞ்சுது. வா."